அக்கா திட்டிய புல்வெளி

பெரிய மனிதர்கள் நாடு பிடிப்பார்கள். நம்முடைய ஆள் பிடிக்கப் பார்த்தது, வீட்டு வாசலுக்கும் வெளிக்கதவுக்கும் நடுவே கிடந்த மண் தரையை. அதுவும் முழுதாக அவருடையது அல்ல. பாதி, மாடியில் குடியிருக்கும் அவருடைய அக்காவுக்குச் சொந்தம்.

இஸ்திரிக் கடை வைத்திருப்பதால் தெருவுக்கு அவர் 'மடிப்பு'. அரும்பு மீசைக் காலத்திலேயே சட்டைக் காலரில் தொடங்கிய வாழ்க்கை. எங்கே சுருக்கம் கண்டாலும் யாரோ தன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டதுபோல முகம் சிவந்துவிடும். கல்யாணத்தன்று மணமகள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மேசை விரிப்பை நீவிவிட்டார் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

மற்றவர்களுக்கு மண்ணாசையும் பொன்னாசையும் வருகிற வயதில் அவருக்குப் புல்லாசை வந்தது. அவர் பார்வையில் புல்வெளி என்பது தரையில் விரித்த பச்சைத் துணி. அழுக்கானால் மழையே துவைத்துவிடும். இப்படி ஒரு துணி தன் வாசலில் இல்லாமல் கண்ணை மூடக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார்.

அதே நேரம் பார்த்து அக்காவுக்குக் காராசை வந்து, காரும் வந்து, தெருவில் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா இன்சூரன்ஸ் ஆபீசில் மேலாளர். உயரம் கொஞ்சம் கம்மி. அதை ஈடுகட்டக் கூரான ஹீல்ஸ் செருப்பு போடுவார். குரலில் ஈடுகட்ட வேண்டிய குறை எதுவும் இல்லை.

"சிமென்ட் போட்டா கார் நிக்கும். புல்லு போட்டா மாடுதான்டா நிக்கும்" என்றார் அக்கா.

"ஒரு மழைக்காலம் குடுக்கா. புல்லு பிடிக்கலைன்னா நானே கொத்திக் குடுத்துடறேன்."

"மழை விட்ட மறுநாள் கொத்தனார் வருவார். அன்னிக்கு மூக்கைச் சிந்தக் கூடாது" என்று அக்கா மாடியேறிப் போனார். சொன்ன சொல் மாறாதவர் என்று ஊரில் பெயர். அதுதான் பயமே.

மடிப்பு மண்ணைக் கிளறி, புல் துண்டுகளை வரிசை பிடித்து நட்டார். மழை வந்தது. புல் வேர் பிடித்துத் தளிரும் விட்டது. அதோடு கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் இந்த வரலாறு எழுதப்பட்டிருக்காது. ஆனால் தரை அங்கங்கே மேடும் பள்ளமுமாக இருந்தது. அவர் கண்ணுக்கு அது கசங்கிய வேட்டி. ரோடு போடுகிறவரிடம் ஓர் இரும்பு உருளையை இரவல் வாங்கி வந்தார்.

இஸ்திரிக்காரர்களுக்கு ஒரு வேதம் உண்டு: ஈரத்தோடு தேய்த்தால்தான் சுருக்கம் போகும். ஆகவே ஒவ்வொரு மழை விட்டதும், மண் சொதசொதவென்று இருக்கும்போதே, உருளையை இழுத்துக்கொண்டு புல்லின் மேல் போனார், வந்தார். தரை கஞ்சி போட்ட காலராக விறைத்தது. அடுத்த மழையின் தண்ணீர் உள்ளே இறங்க வழி தெரியாமல் மேலேயே குந்தியது. புல் மஞ்சளாயிற்று. தவளைகள் குடும்பத்தோடு குடிவந்தன.

"இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்க்கணும்போல" என்றார் மடிப்பு.

"அதைப் பொதைச்சே விட்டுடுங்களேன்" என்றார் மனைவி.

ஒருநாள் தவளைகளில் ஒன்று மாடிப்படியேறி அக்காவின் குளியலறையைப் பார்வையிட்டுவிட்டது. ஆபீசிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அக்கா, செருப்பைக் கழற்றாமல் இறங்கி வந்தார். செங்கல் நடைபாதையை விட்டுப் புல்லில் அவர் கால் வைத்தது அன்றுதான் முதல்முறை.

"தவளை வளக்கவாடா எடம் கேட்ட?" ஒரு மிதி. "மனுஷங்க குளிக்க வேண்டாமா?" இன்னொரு மிதி. அக்காவுக்கு வாக்கியம் முடிகிற இடத்தில் கால் இறங்க வேண்டும். ஹீல்ஸ் சளக் சளக்கென்று மண்ணில் புதைந்து எழுந்தது.

சில நாள் கழித்து மனைவி கூப்பிட்டார். "என்னங்க, இங்க வாங்க. உங்க அக்கா நின்னு திட்டின எடம் மட்டும் பச்சையா இருக்கு."

மடிப்பு முழங்காலிட்டுப் பார்த்தார். உண்மைதான். "வாய்ச்சொல்லுக்கு இவ்வளவு சக்தியா?"

"வாய்க்கு இல்லீங்க, செருப்புக்கு. ஓட்டை ஓட்டையா விழுந்திருக்கு பாருங்க. தண்ணி உள்ள எறங்கிடுச்சு. வேர் மூச்சு விடுது."

உருளை அன்றே திரும்பிப் போயிற்று. மடிப்பு ஒரு கம்பியை எடுத்துக் குத்திப் பார்த்தார். தோள்பட்டை இற்றுவிழும்போல இருந்தது. கம்பியால் குத்தினால் கை வலிக்கிறது. அக்கா திட்டினால் காது மட்டும்தான் வலிக்கும். அதுவோ பிறந்ததிலிருந்து பழகிய காது.

மாலையில் அக்கா வெளிக்கதவைத் திறக்கும்போது, மடிப்பு இன்னும் மஞ்சளாக இருக்கிற பகுதியாகப் பார்த்துப் போய் நின்றுகொண்டார்.

"அக்கா, உன் கார் என்ன ஆட்டோ மாதிரி உறுமுது?"

அக்கா நடைபாதையை விட்டு இறங்கினார். திட்டத் திட்ட மடிப்பு மெல்லப் பின்வாங்கினார்.

"நில்லுடா. பேசிட்டிருக்கும்போதே எங்க நழுவற?" அக்கா பின்னாலேயே வந்தார். சளக் சளக்.

மறுநாள் சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் தணிவாக வந்தது: "என்னங்க, குழாயடிப் பக்கம் இன்னும் திட்டு வாங்கல." மடிப்பு குழாயடிக்குப் போய், அக்காவின் ஆபீசில் அக்காவைவிடக் கிளார்க்குக்குத்தான் மரியாதையாமே என்று விசாரித்தார். குழாயடி அன்று நன்றாகவே விளைந்தது. அக்கா மாடியேறியதும், ஓட்டைகள் மறுபடி மூடிக்கொள்ளாமலிருக்க, மனைவி மணலைக் கொட்டித் துடைப்பத்தால் அவற்றுக்குள் தள்ளிவிடுவார். இப்படியாக அந்த மழைக்காலம் முழுவதும் ஒரு மேலாளர், சம்பளம் வாங்காமல், தான் ஒழிக்க நினைத்த புல்லுக்கே வேலை பார்த்தார்.

மழை விட்டது. மறுநாள் காலையிலேயே கொத்தனார் வண்டியில் சிமென்ட் மூட்டைகளோடு வந்து, வெளிக்கதவோரம் சிலவற்றை இறக்கியும்விட்டார். மடிப்பு விறைப்பான சட்டையில் வாசலில் நின்றார். அக்கா படியிறங்கி வந்தார். கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். சுவரிலிருந்து சுவர்வரை ஒரே பச்சை. தண்ணீர் தேங்கிய சுவடே இல்லை. தவளைகள் அடுத்த வீட்டுக்கு ஜாகை மாற்றியிருந்தன. கொத்தனார் குனிந்து உள்ளங்கையால் அமுக்கினார். "மெத்தை தோத்துதுங்க" என்றார்.

"எப்படிடா? குட்டையாத்தானே கெடந்துச்சு?"

"எல்லாம் உன் ஆசீர்வாதம்க்கா."

மழைக்காலம் பூராவும் அடக்கி வைத்திருந்த சிரிப்பை மனைவியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "அண்ணி, நெசமாவே அப்படித்தான்" என்று தொடங்கி, தவளை முதல் குழாயடிவரை கொட்டிவிட்டார். கொத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். மடிப்பு வானத்தைப் பார்த்தார்.

அக்கா ஒரு காலைத் தூக்கி ஹீல்ஸைப் பார்த்தார். பிறகு புல்லைப் பார்த்தார்.

"அப்ப இது என் புல்லு."

"பாதிக்கா."

"என்னடா பாதி? குத்தினது யாரு?"

"மீதி சிமென்ட்டை எங்கம்மா எறக்கறது?" என்றார் கொத்தனார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அக்கா திரும்பினார். அப்போதுதான் அவர் கண்ணில் அது பட்டது. "யோவ், மொதல்ல அந்த மூட்டையப் புல்லு மேலேர்ந்து எடு. அமுங்கிடும்ல?"

அடுத்த கணம் மடிப்பே ஓடிப்போய் மூட்டைக்குத் தோள் கொடுத்தார். சட்டை கசங்கிச் சிமென்ட் அப்பியது, அவர் கவனிக்கவில்லை. பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவர் அக்காவை ஜெயித்திருந்தார். அதை அக்காவிடம் சொல்லும் அளவுக்கு அவர் முட்டாள் அல்ல. யார் புல் எங்கே தொடங்குகிறது என்று அக்கா விளக்கிக்கொண்டே வர, எல்லாவற்றுக்கும் "ஆமாக்கா, ஆமாக்கா" என்றபடி மூட்டைகளை ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றிவிட்டார்.