துண்டுக்குள் விலைபோன காளை

கல்லாவிச் சந்தையில் படம் எடுக்க முடியுமா என்று சினிமா ஆசையுள்ள இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தாராளமாக முடியும். ஐம்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம் நாங்கள் எடுத்தோம். என் வீட்டுக்காரர் இயக்குநர். எனக்குச் சமையல், துணிமணி, கதாநாயகனின் அக்கா வேஷம் என்று மூன்று வேலை. காசில்லாத படத்தில் அப்படித்தான்.

பெங்களூரில் கேமராவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு காலை ஆறு மணிக்கு வேனில் கிளம்பினோம். ஓசூர் இருபத்தைந்து மைல்; அங்கே இட்லி. அப்புறம் கிருஷ்ணகிரி முப்பத்திரண்டு மைல். பாரூர் ஏரியைப் பார்த்ததும், அதையும் எடுக்கலாம் என்று இவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். "பிலிம் இருக்குதுங்களா?" என்றார் டிரைவர். மிச்சம் இருந்தது நாலு நிமிஷம் ஓடும் ஒரே சுருள். இவர் மறுபடி வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

எடுக்க வேண்டியது, கடன்பட்ட விவசாயி தன் காளையை விற்கும் காட்சி. கல்லாவி மாதையன் தன் உழவு ஜோடியில் ஒன்றை இரவல் தந்தார். "பணமெல்லாம் வேணாம்மா. படத்துல அது மூஞ்சி தெரிஞ்சாப் போதும்" என்றார்.

கேமராவைக் கண்டால் சந்தையே பல்லைக் காட்டும். அதனால் அதை ஒரு மாட்டு வண்டிக்குள் சாக்குப் போட்டு மறைத்தோம். மாதையன் படத்துக்குள் வந்துவிடாமல் வண்டிக்குப் பின்னால் என்னோடு நிறுத்திக்கொண்டேன். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டுக்கு அடியில் தரகர் கையைப் பிடித்து விரலை அழுத்துவதுதான் பேரம். தரகர் வேஷம் எங்கள் மேக்கப்காரருக்கு; முண்டாசும் ஒட்டுமீசையும் வைத்தால் எங்களுக்கே அவரை அடையாளம் தெரியாது, வாங்குகிற ஆளையும் அவரே சந்தையில் பிடித்து வருவதாக ஏற்பாடு. கதாநாயகன் ராஜு பட்டணத்து நாடகக்காரர்; பசு எது காளை எது என்பதே அவருக்குச் சந்தேகம்.

கேமரா ஓடியது. துண்டு விழுந்தது, ராஜு விரலை அழுத்தினார், தலையாட்டினார், முன்பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாங்கியவர் காளையை ஓட்டிக்கொண்டு நடந்தார். "என்னமா நடிக்கிறான் பார்" என்று இவர் பூரித்துப் போனார். அப்போது மேக்கப்காரர் என் பக்கத்திலிருந்து, "நான் இன்னும் போகவே இல்லீங்களே" என்றார்.

அசல் தரகர், அசல் வியாபாரம்! மாதையன் காளை போன திசையில் ஓடினார். நாங்களும் ஓடினோம்.

வாங்கியவர் கிட்டப்பா, ஓசூர்ப் பக்கத்துக்காரர். டிரைவரோடு தெலுங்கில் சண்டை, எங்களோடு தமிழில். "துண்டுக்குள்ள முடிஞ்சா முடிஞ்சதுதான். மாத்திப் பேசினா நாளைக்கு எவன் என் கையைப் புடிப்பான்?"

"ஒத்த மாட்ட வெச்சு நான் எப்படிங்க உழுவறது?" என்றார் மாதையன். என் வீட்டுக்காரர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கிட்டப்பாவை இழுத்துவந்து சாக்கை விலக்கிக் கேமராவைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "அப்ப நானும் படத்துல இருக்கறனா?"

"இருக்கீங்க."

"ஏழையோட மாட்ட ஓட்டிட்டுப் போனவனாவா? ஊர்ல என்ன நெனப்பாங்க? வாங்கினவன் நானு. திருப்பிக் குடுக்கறது என் இஷ்டம். அதையும் புடிங்க."

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதிப் பிலிமில் அதை எடுத்தோம். கயிற்றை வாங்க ராஜு கண்ணீரோடு இரண்டு கையையும் நீட்டினார். கிட்டப்பா அவரைத் தாண்டிப் போய்க் கயிற்றை மாதையன் கையில் கொடுத்தார். மாதையன் காளையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். பிலிம் தீர்ந்துபோயிற்று. மறுபடி எடுக்க வழியில்லை. காளை போய்விடுவதாக எழுதியிருந்த முடிவை மாற்றி, அதையே கடைசிக் காட்சியாக வைத்தோம்.

போகிறவர்களுக்கு: சந்தை நாளை விசாரித்துக்கொண்டு, விடியும்போதே போய்விடுங்கள். வெயில் ஏறினால் முகமெல்லாம் கறுப்பாக விழும். நடிகரின் கையைத் துண்டுப் பக்கம் விடாதீர்கள்.

கிருஷ்ணகிரி டூரிங் கொட்டகையில் படம் ஓடியபோது மாதையனை அழைத்துப் போனோம். கடைசிக் காட்சியில் திடீரென்று முளைத்துக் காளையைக் கட்டிக்கொண்டு அழும் அந்த ஆள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மாதையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "காளையையும் கூட்டியாந்திருக்கணும்மா. வெளிய ஒரு ஓரமா நின்னு பாத்திருக்கும்."