பழைய போனில் இருந்த சுவர்கள்

பிலிமத்தலாவைப் போன் கடையில் அன்று இருந்தவர்கள்: நான். என் மகள். மருமகன். கடைக்காரர். சார்ஜர் வாங்க வந்து, எங்கள் வேலை முடியும்வரை கதிரையில் இருந்த ஒரு பொம்பளை. ஐந்து பேர். மாற்றக் கொண்டுபோன பழைய போனை வைத்துத் தொழில் செய்தவன் நான் ஒருத்தன்தான்.

நான் பைப் பாஸ். வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் போடுகிறவன். ஏழாம் வகுப்போடு படிப்பு சரி. பழைய போனை ஆறு வருஷம் வைத்திருந்தேன். இரண்டு தடவை சீமெந்துச் சாந்தில் விழுந்தது. துடைத்தேன், பேசியது. கண்ணாடி உடைந்த மூலையில் டேப் ஒட்டி வைத்திருந்தேன். கடைசியில் அதற்குள் இடம் பத்தவில்லை. ஆட்கள் அனுப்புகிற செய்தி, படம் எதுவும் திறக்கவில்லை. அதனால் மாற்றலாம் என்று நானே சொன்னேன். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில்.

சுவரை வெட்டிப் பைப் பதித்ததும், மேசன் பாஸ் பூசுவதற்கு முன்னால் நான் ஒரு படம் எடுப்பேன். பைப்புக்குப் பக்கத்தில் அளவு டேப்பை இழுத்துப் பிடித்து, கதவு நிலையும் தெரிகிற மாதிரி. நிலையிலிருந்து எவ்வளவு, தரையிலிருந்து எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். கடுகண்ணாவையில் ஒரு வீட்டில், நான் போட்ட பைப்பை நானே ட்ரில் பிடித்து ஓட்டையாக்கினேன். அன்றைக்குப் பிடித்த பழக்கம். வேலை முடிந்து போகும்போது வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுவேன். பைப் பழுதானால் என்னைக் கூப்பிடுங்கள், படம் இருக்கிறது, சுவரை உடைத்துத் தேட மாட்டேன் என்று. கண்டியில் பைப் பாஸ்மார் எத்தனையோ பேர். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஆட்கள் என்னைத் தேடி வந்தார்கள்.

கடையில் நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பழைய போனைக் கொடுத்துப் புதியது எடுப்பதாகப் பேச்சு. படம் நிறைய இருக்கிறதே, எல்லாவற்றையும் புதியதில் ஏற்றவா என்று கடைக்காரர் கேட்டார்.

"வேண்டாததைத் தூக்கிருங்க" என்றேன். நான் நினைத்தது, கை ஆடிக் கலங்கிப்போன படங்களை. அதைச் சொல்லவில்லை. அது என் பிழை.

மகளும் மருமகனும் தலையோடு தலை வைத்துப் பார்த்துப் பார்த்து அழித்தார்கள். பேரப்பிள்ளையின் பிறந்தநாள் ஏறியது. காலை வணக்கம் என்று ரோஜாப்பூவோடு வந்தவை அத்தனையும் ஏறின. அதில் சாமி படம் இருக்கிறதாம், அழிக்கக் கூடாதாம். கடைக்காரர் பழைய போனை வெறுமையாக்கி மேசை லாச்சிக்குள் போட்டார். எல்லாரும் சந்தோஷமாக வெளியே வந்தோம்.

ஒரு மாதம் போனது. திகனையிலிருந்து ஹாஜியார் கூப்பிட்டார். திகனைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவர். நான் பைப் போட்ட அவருடைய மேல்வீட்டுப் பாத்ரூம் சுவரில் ஈரமாம். கீழே சீலிங்கும் ஊறுகிறதாம். பயப்பட வேண்டாம், படம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனைத் திறந்தேன். ரோஜாப்பூ. இன்னொரு ரோஜாப்பூ. பிள்ளையார். சுவர் ஒன்றுகூட இல்லை.

மகளுக்குப் போன் எடுத்தேன்.

"அப்பா, அதுல வெறும் செங்கல்லும் பைப்பும்தான் இருந்துச்சு. ஒரு ஆள் மொகம்கூட இல்ல."

"நீ படிச்ச புத்தகத்துல எல்லாம் மொகம் பாத்துத்தான் படிச்சியா?"

மருமகன் போனை வாங்கி, "கேட்டுத்தானே அழிச்சோம் மாமா" என்றார். கேட்டார்களாம். நான் போனை வைத்துவிட்டேன்.

மருமகனுக்குக் கந்தோரில் எழுத்து வேலை. அவர் மேசையில் இருக்கிற கடதாசியைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் விளங்காது. விளங்கவில்லை என்பதற்காக நான் அதை அள்ளிக் குப்பையில் போட மாட்டேன். தன் வேலைக்கு உள்ளது கடதாசி, என் வேலைக்கு உள்ளது குப்பை. எந்த ஊர் நியாயம் இது? ஆறு வருஷச் சுவர். ஒருத்தராவது படத்தைத் திருப்பிக் காட்டி, இது என்ன என்று கேட்டிருந்தால் ஒரு நிமிஷம் போயிருக்கும்.

கடைக்கும் போனேன். அழித்தது அழித்ததுதானாம். போனும் விற்றுப்போய்விட்டதாம். புதிதில் கேமரா நல்லது, இனி எடுக்கிற படம் தெளிவாக வரும் என்றார் கடைக்காரர். பூசி முடித்த சுவரை எந்தக் கேமரா எடுக்கும்? வந்துவிட்டேன்.

அடுத்த நாள் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு திகனைக்குப் போனேன். ஹாஜியாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என் கையிலிருந்த போனை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"போன் நல்லா ஈக்கி பாஸ். என்ட செவரத்தான் அதுக்குத் தெரியல."

பிறகு, மெதுவாகச் சொன்னார்: "இந்த டைல் இப்ப எங்கயும் வாறல்ல. பாத்து ஒடைங்க."

தண்ணீர் டெப்புக்கு இடப்பக்கம் என்று ஞாபகம். அங்கே உடைத்தேன். இல்லை. ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். இல்லை. ஹாஜியார் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏசியிருந்தால் பரவாயில்லை. கடைசியில் வெந்நீர் பைப் வளைகிற மூட்டில், கீழ் மூலையில், கசிவு அகப்பட்டது.

படம் இருந்திருந்தால் இரண்டு டைலோடு முடிந்திருக்கும். உடைத்தது பத்தொன்பது.