சிரிக்காதீங்க என்று சொன்ன கேமராக்காரர்கள்

மலைக்குப் போகிறேன், எந்த லென்ஸ் வாங்கட்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால் முதலில் எரிச்சல்தான் வருகிறது. கேட்பவர் மேல் தவறு இல்லை. நானும் அப்படிக் கேட்டுத் திரிந்தவள்தான். ஏலப்பாறைக்குப் போய்வந்த பிறகு அந்தக் கேள்விக்கு என்னால் ஒரே வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. போன வாரம் நான் வேலை பார்க்கும் சங்கத்துக்குப் பால் ஊற்ற வந்த ஒருவர், தன் மருமகன் புதுக் கேமரா வாங்கியிருக்கிறார், மூணாறு பக்கம் போகிறார், ஏதாவது சொல்லிக் கொடுங்கள் என்றார். சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் என் குரல் உயர்ந்துவிட்டது. மனிதர் காலி கேனை எடுத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தார். அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு பால் சங்கத்தில் எனக்கு வேலை. வருகிற பாலில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். காலை ஐந்தரைக்குப் போனால் எட்டரைக்கு வெளியே வருவேன். மறுபடி மூன்று மணிக்குப் போனால் வெளிச்சம் போன பிறகுதான் வீடு. நாற்பத்திரண்டு வயதில், கோயம்புத்தூரில் ஒருவர் விற்ற பழைய கேமராவையும் ஒரு ஐம்பது எம்எம் லென்ஸையும் வாங்கினேன். வீட்டில் சிரித்தார்கள். அதைப் பொருட்படுத்தவில்லை. வீடியோ போட்டு ஆலோசனை சொல்கிறவர்கள்தான் என்னை அதிகம் படுத்தினார்கள். சூரியன் உதிக்கும்போது எடுங்கள், சாயும்போது எடுங்கள், மற்ற நேரத்தில் கேமராவைத் தொடாதீர்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அந்த இரண்டு நேரமும் நான் கேன்களுக்கு நடுவில் நிற்கிறேன். எனக்குக் கிடைத்தது உச்சிவெயில் மட்டும். யாரைப் பற்றியும் யோசிக்காமல் ஆலோசனை சொல்வது எவ்வளவு சுலபம் என்று அப்போதே கோபம் வந்தது.

ஆகவே உச்சிவெயிலிலேயே கற்றுக்கொண்டேன். பெருமாட்டிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் வெயில் புள்ளி புள்ளியாக முகத்தில் விழுந்து படத்தைக் கெடுக்கும். ஆளை வாசற்படிக்கு உள்ளே ஓரடி தள்ளி நிற்க வைத்தால், முற்றத்தில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் முகத்தில் பாலாடைபோலப் படியும். இதை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு வருடம் கெடுத்துக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன்.

பிறகு கோயம்புத்தூரில் ஒரு புகைப்படக் குழுவில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து போய்ப் படம் எடுப்பவர்கள். அதன் தலைவர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் ‘சார்’. அந்தக் குழு ஏலப்பாறைத் தேயிலை மலைக்கு இரண்டு நாள் பயணம் போட்டது. சங்கத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறிப் பொள்ளாச்சியில் இறங்கி, அவர்களுடைய வேனுக்காகக் காத்திருந்தேன்.

வேனில் ஏறி உட்கார்ந்ததும் சார் என் பையை எட்டிப் பார்த்தார்.

“இது ஒண்ணுதானுங்களா? ஜூம் இல்ல, டிரைபாட் இல்ல. இத வெச்சுட்டு எதுக்குங்க மேடம் இவ்ளோ தூரம்?”

பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் பையை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் காலடியில் மூன்று பெரிய பைகள் இருந்தன. கடைசி இருக்கையில் ஒரு புது மூங்கில் கூடையும் இருந்தது. பழம் வாங்கப்போகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை தேயிலைக் காட்டுக்குள் போனோம். மூடுபனி. இரவு முழுக்க வேனில் கிடந்து குளிர்ந்த கேமராவை நேராக வெளியே எடுத்தவர்கள், லென்ஸ் வியர்த்துப்போய், துடைத்துக்கொண்டே நின்றார்கள். நான் கேமராவைத் துண்டில் சுற்றி, மூடிபோட்ட டப்பாவில் வைத்து, வெளியே வந்து கால்மணி நேரம் கழித்துத்தான் திறந்தேன். மூடுபனியைக் கேமரா அழுக்குச் சாம்பலாக ஆக்கிவிடும், வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வைக்க வேண்டும். இந்த இரண்டு விஷயமும் தெரிந்தால் போதும், மலையில் பாதிப் படம் பிழைத்துவிடும்.

ஒரு சரிவில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு, அதன்மேல் தொப்பி, இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கையில் கத்திரி. கத்திரியோடு பொருத்திய தட்டில் கொழுந்து விழும், அதை முதுகுக்குப் பின்னால் இருக்கிற சாக்கில் கொட்டுவார்கள். கர்ரக், கர்ரக் என்று அத்தனை கத்திரிகளும் ஒரே நேரத்தில் கேட்டன. நன்றாக இருந்தது. நான் கேமராவைத் தூக்கினேன்.

“இருங்க, இருங்க, யாரும் எடுக்காதீங்க” என்றார் சார். “இந்த பிளாஸ்டிக்கும் பூட்ஸும் படத்தக் கெடுத்துரும்.”

சூப்பர்வைசரிடம் போய் ஏதோ பேசினார். ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மாவை அனுப்பி வைத்தார்கள். வேனிலிருந்து மூங்கில் கூடை வந்தது. அப்போதுதான் எனக்கு அது எதற்கென்று புரிந்தது. சார் தொப்பியை எடுக்கச் சொன்னார். பிளாஸ்டிக்கை அவிழ்க்கச் சொன்னார். பூட்ஸைக் கழற்றச் சொன்னார். ஈரப் புல்லில், அட்டை ஊர்கிற சரிவில், அந்த அம்மா வெறும் காலோடு நின்றார். நெற்றியில் வாரைப் போட்டுக் கூடையை முதுகில் தொங்கவிட்டு, கையால் கிள்ளுவதுபோலக் காட்டச் சொன்னார்கள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்காதீங்க. கொஞ்சம் கஷ்டப்படற மாதிரி பாருங்க” என்றார் சார்.

அந்த அம்மா கூடையோடு நிமிர்ந்தார். “எதுக்கு சார் நடிக்கணும்? கஷ்டப்பட்டுக்கிட்டுத்தான இருக்கேன். அங்கன வேல செய்யும்போதே எடுத்துருக்கலாம்லா?”

பதினோரு கேமராக்கள் தட் தட்டென்று அடித்தன. அதில் ஒன்று என்னுடையது. அதை மறைக்க மாட்டேன். நானும் நான்கு படம் எடுத்தேன். ஐந்தாவதுக்குக் கண்ணை வைத்தபோது, அவர் ஒற்றைக் காலைத் தூக்கி மற்றக் காலில் தேய்த்து அட்டையைத் தள்ளுவது தெரிந்தது. கேமராவை இறக்கினேன்.

“போதுமுங்க சார். அந்தக்கா கால்ல அட்டை ஏறுது. அவிங்க கூலிக்கு நிறுக்கற கொழுந்து வேற குறையுது” என்றேன்.

“ரெண்டு நிமிஷம் மேடம். இந்த வெளிச்சம் மறுபடி கிடைக்காது.”

ரெண்டு நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆனது. முடிந்ததும் எல்லோரும் அவரவர் கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டு வேனுக்கு நடந்தார்கள். கூடையை ஒருவர் வாங்கிக்கொண்டார். அந்த அம்மா பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

“மன்னிச்சுக்குங்கக்கா” என்றேன்.

“நீங்க என்ன செய்வீங்க. வாரவுக எல்லாம் இப்படித்தான்.” காலில் ஒழுகிய ரத்தத்தை இலையால் துடைத்தார். பிறகு என் கேமராவைக் காட்டி, “இதுல வீட்டுக்குள்ள எடுத்தா தெளிவா விழுமா?” என்று கேட்டார்.

“விழுமுங்கக்கா. என்ன எடுக்கோணும்?”

“எங்க லயத்து வீட்ட.”

லயம் என்பது தோட்டத்துக்காரர்கள் கட்டிக் கொடுத்த வரிசை வீடு. அவருடைய வரிசையில் ஆறு வீடுகள். கூரை ஒழுகுகிறது, சுவர் பிளந்திருக்கிறது என்று தோட்டத்து ஆபீஸில் இரண்டு முறை அபேட்சை மனு கொடுத்திருக்கிறார்கள். போனில் படம் எடுத்து அதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். “படம் இருட்டா இருக்கு, ஒண்ணும் தெரியலன்னு திருப்பிட்டாக” என்றார்.

சாரிடம் போய், நான் மதியம் வியூ பாயின்டுக்கு வரவில்லை என்றேன். “ஒழுகற வீட்ட எடுக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க?” என்றார். ஆமாம் என்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் அந்த அக்காவுடன் நடந்தேன். வீடு ஒரே அறை, பின்னால் சமையல் இடம். அவர் கணவர் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கூரைத் தகரம் துருப்பிடித்து, சல்லடைபோல வெளிச்சம் விட்டது. அடியில் பிளாஸ்டிக் சாக்கைத் தைத்துக் கட்டியிருந்தார்கள். அது தண்ணீர் தேங்கித் தொந்திபோலத் தொங்கியது. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு, கீழிருந்து மேல்வரை. இதைப் படத்தில் தெரியவில்லை என்று சொன்ன ஆபீஸிலிருந்து இந்த வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டேன். பத்து நிமிஷ நடை என்றார். பத்து நிமிஷம் நடந்து வந்து பார்க்க முடியாதவர்கள், படம் தெளிவாக இல்லை என்று காகிதத்தைத் திருப்பியிருக்கிறார்கள். கோபத்தோடு எடுத்தால் படம் ஆடிப்போகும் என்பதால் சற்று உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

பிறகு வேலையைத் தொடங்கினேன். இரண்டு கதவையும் திறந்தோம். டிரைபாட் இல்லாததால் அரிசி டின்னின் மேல் துணியை மடித்துப் போட்டு, அதில் கேமராவை வைத்து, இரண்டு நொடி டைமரில் எடுத்தேன். கை படாததால் குறைந்த வெளிச்சத்திலும் ஆடவில்லை. பிளாஷ் அடித்தால் சுவர் வெளுத்துப் பிளவு மறைந்துவிடும். அதனால் அக்காவின் போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னேன். பிளவின் நிழல் கறுப்பாக எழுந்து நின்றது. பக்கத்து வீட்டில் தையல் தைக்கிறவரிடம் அளவு டேப்பை வாங்கி, பிளவின் குறுக்கே வைத்து ஒன்று. வீட்டு எண் தெரிய வாசலிலிருந்து ஒன்று. கூரை, சாக்கு, கட்டில் மூன்றும் ஒரே படத்தில் வருகிறமாதிரி ஒன்று. அதற்கு ஐம்பது எம்எம் லென்ஸில் இடம் போதாமல் பின்னால் சமையல் இடத்துக்குள் போய், அடுப்புக் கரி படிந்த சுவரில் முதுகை ஒட்டி எடுத்தேன். ஆறு வீட்டையும் அப்படியே எடுத்தேன்.

கிளம்பும்போது அக்கா, “என்னையும் ஒண்ணு எடுத்துத் தாங்க. இப்படியே, பூட்ஸோட” என்றார். வாசற்படிக்கு உள்ளே நிற்க வைத்தேன். கத்திரியைத் தோளில் சாய்த்துக்கொண்டார். அவர் சிரித்தார், எடுத்தேன். முகவரியும் நம்பரும் வாங்கிக்கொண்டேன்.

ஊர் வந்ததும் எல்லாவற்றையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஒவ்வொன்றின் பின்னும் வீட்டு எண்ணையும் எடுத்த நாளையும் எழுதி, இரண்டு பிரதி பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒன்று அவர்களுக்கு, ஒன்று ஆபீஸில் கொடுக்க. அவருடைய படத்தைத் தனி உறையில் வைத்தேன்.

அடுத்த மாதம் கோயம்புத்தூரில் குழுவின் கண்காட்சி. நுழைந்ததும் எதிரே, ஆள் உயரத்துக்குக் கறுப்பு வெள்ளையில் அதே அக்கா. நெற்றியில் கூடை வார், வெறும் கால், குனிந்த பார்வை. கீழே ‘காலம் தொடாத கைகள்’ என்று எழுதியிருந்தது. சார் எடுத்தது, முதல் பரிசு. சாரைச் சுற்றிக் கூட்டம் நின்றது. “இன்னும் இப்படித்தான் வாழறாங்க பாருங்க” என்று ஒரு அம்மாள் கண் கலங்கினார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “அந்தக் கூடை சார் வேன்ல கொண்டு வந்ததுங்க” என்றேன்.

கூட்டம் என் பக்கம் திரும்பியது.

“கலைன்னா கொஞ்சம் அமைச்சுத்தான் ஆகணும் மேடம்” என்றார் சார்.

“அமைச்சுக்குங்க. அமைச்சு எடுத்ததுன்னு கீழ எழுதிப் போடுங்க. அந்தக்கா கத்திரி பிடிச்சு, பூட்ஸ் போட்டு வேலை செய்யறவிங்க. உங்களுக்காக முக்கால் மணி நேரம் அட்டை கடியில நின்னாங்க. இந்தப் படத்தை அவிங்களுக்கு அனுப்புனீங்களா?”

“நம்பர் வாங்கலியே.”

“மாட்டறதுக்கு முன்னால அவிங்களக் கேட்டீங்களா?”

அவர் வேறு பக்கம் திரும்பி ஒருவருக்கு வணக்கம் சொன்னார். நான் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருக்கும்போதே குழுவின் வாட்ஸாப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அந்த ஹாலில் நின்ற இன்னும் ஒன்பது பேர் சரிவிலும் இருந்தவர்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

ஏலப்பாறையிலிருந்து மழை தொடங்கிய வாரத்தில் போன் வந்தது. அக்காதான்.

“தகரம் மாத்தியாச்சு டீச்சர்.” நான் டீச்சர் இல்லை என்று பலமுறை சொல்லியும் அவர் அப்படித்தான் கூப்பிடுகிறார். “படத்த மேசையில பரத்தி வச்சோம். சூப்பர்வைசரும் பாத்தாரு, மேனேஜரும் பாத்தாரு. தெரியலன்னு சொல்ல முடியல பாத்துக்கோங்க. மழச் சத்தம் கேக்குது, உள்ள ஒரு சொட்டு இல்ல.”

“சுவருங்கக்கா?”

“செவுத்துக்குச் சிமெண்ட் பூசித் தந்துருக்காக. இடிச்சுக் கட்டித் தரமாட்டாகளாம்.”

அவர் வரிசையில் ஆறு வீட்டுக்கும் கூரை வந்துவிட்டது. கீழ் வரிசைகள் மூன்றுக்கும் வரவில்லை. அங்கே இருப்பவர்கள் படம் கொடுக்கவில்லையாம். ஒரே சரிவு, ஒரே மழை, ஒரே வயதுத் தகரம். படம் கொடுத்தால்தான் ஒழுகும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அக்காவிடம் இதைக் கேட்டபோது, “நீங்க கோவப்படாதீங்க, நான் எடுத்துருவேன்” என்றார். டின்னின் மேல் போனை வைப்பது, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிப்பது எல்லாம் அவருக்கு நினைவிருக்கிறது. கீழ் வரிசையில் எடுத்த இரண்டு படம் அனுப்பியிருந்தார். ஒன்றில் வீட்டு எண் விட்டுப்போயிருந்தது, அதைச் சொன்னேன். மறுநாள் மத்தியானமே திரும்ப எடுத்து அனுப்பிவிட்டார். அவற்றைப் பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன், வியாழக்கிழமை கிடைக்கும்.