ஃபில்டருக்குள் இருந்தது

சென்னீர்குப்பத்தில், பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் எங்கள் வேன் திணறி நின்றுவிடுகிறது. ஓட்டுநர் செல்வம் நேற்றுதான் முதல்முறையாக, புங்க எண்ணெயில் செய்த பயோடீசல் கலந்த டீசலை நிரப்பியிருக்கிறார். "எண்ணெய ஊத்துனா வண்டி எப்படி சார் ஓடும்?" என்று பொருமுகிறார்.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த மெக்கானிக் பாஷா, டீசல் ஃபில்டரைக் கழற்றிச் செய்தித்தாளில் கவிழ்க்கிறார். தார் போலக் கறுப்பாக வழிகிறது. குனிந்து முகர்ந்து பார்க்கிறேன். புங்க எண்ணெய் வாடையே இல்லை.

"பயோடீசல்ல இவ்வளவு அழுக்கா?" என்கிறேன்.

"அய்ய, இது அதோட அழுக்கு இல்ல சார். இத்தினி வருசமா பழைய டீசலோட கசடு டாங்க்ல படிஞ்சுகினு கெடந்தது. புதுசு வந்து அத்த கழுவி இட்டாந்துகீது. மொத தபா அல்லாரும் புதுசத்தான் திட்டுவாங்க."

புது ஃபில்டரை மாட்டிவிட்டு, செல்வத்தின் கையில் இன்னொன்றையும் திணிக்கிறார். "வெச்சுக்கோ அண்ணாத்தே. இன்னொரு தபா அடைக்கும்."

செல்வம் நம்பாமல்தான் வாங்கிக்கொள்கிறார்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் வேன் மறுபடி திணறுகிறது. வசைக்காகக் காத்திருக்கிறேன்.

"கழுவுது சார்" என்றபடி, ஃபில்டரை எடுத்துக்கொண்டு இறங்குகிறார் செல்வம்.