கழுத்து வழியே வந்த மூச்சு

மானகிரி வீரபாண்டியனை நான் முதன்முதலில் பார்த்தபோது அவருக்குப் பேச்சு இல்லை. தொண்டைக்குழிக்குக் கொஞ்சம் மேலே ஒரு துளை போட்டு, அதில் வெள்ளையாக ஒரு குழாயைச் செருகி, நாடாவால் கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். மூச்சு அதன் வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது. தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கட்டு. சிவகங்கை பெரியாஸ்பத்திரியில், ஆண்கள் அறுவை வார்டில், எனக்குப் பக்கத்துக் கட்டில்.

நான் குமரப்பன். ஊர் நேமத்தான்பட்டி, காரைக்குடியில் பெயின்ட் கடை. முதுகில் ராஜபிளவைக் கட்டி வந்து, வெட்டி எடுத்து, குப்புறப் படுத்துக் கிடந்தேன். குப்புறக் கிடப்பவனுக்கு உலகம் பக்கத்துக் கட்டில் அளவுதான். அதனால் வீரபாண்டியனின் முகத்தை நான் பார்த்த அளவுக்கு என் சொந்தக்காரர்கள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

"இவுகளைத் தெரியலையா அண்ணே? மஞ்சுவிரட்டுல மைக்குல பேசுவாகள்ல, அவுகதான்" என்றார் அவர் மனைவி யோகலட்சுமி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகம் தெரியாதே தவிர, அந்தக் குரலைத் தெரியாதவர் எங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? தை பிறந்துவிட்டால் எந்தத் திடலில் மாடு அவிழ்த்தாலும் அந்தக் குரல் கேட்கும். காளை தொழுவைவிட்டு வெளியே வரும்போதே இன்னார் வீட்டு மாடு, இன்ன ஊர், போன வருசம் எந்தத் திடலில் நின்று விளையாடியது என்று மூச்சு விடாமல் சொல்லுவார். பிடிக்கப் போன பையன் கீழே விழுந்தால் கேலி பேசமாட்டார். "தம்பி எந்திரி, மண்ணைத் தட்டிவிட்டு அங்குட்டுப் போய் ஓரமா உக்காரு, அடுத்த மாடு உன் மாடு" என்பார். அதற்காகவே அவரைக் கூப்பிடும் ஊர்கள் உண்டு.

மற்ற நாட்களில் அவர் காரைக்குடியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்ப்பவர். மானகிரியில் கொஞ்சம் நிலம், கடலை போடுவார். யோகலட்சுமி வீட்டில் ஜாக்கெட் தைக்கிறார். மகள் சினேகா கல்லூரியில் படிக்கிறாள். மைக் பிடிப்பது அவருக்குப் பிழைப்பு அல்ல, பிடித்துப்போன காரியம். ஒருமுறை பேசவேண்டிய ஆள் வராமல் போக, இளவட்டமாக இருந்த இவர் கையில் யாரோ மைக்கைத் திணித்தார்கள். அன்று பிடித்தது.

இனி, அவருக்கு வந்த வினையைச் சொல்லவேண்டும். பாதி யோகலட்சுமி சொன்னது. மீதி, பேச்சு திரும்பிய பிறகு அவரே சொன்னது.

பொங்கல் கழிந்ததுமே வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் வலிக்க ஆரம்பித்திருக்கிறது. அது ரொம்ப நாளாகவே சொத்தைப் பல். கிராம்பை வைத்துக் கடித்தார். மருந்துக்கடையில் வலிக்கு மாத்திரை வாங்கிப் போட்டார். குறைந்த மாதிரி இருக்கும், மறுபடி வரும். யோகலட்சுமி பல் டாக்டரிடம் போகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். ஊர் ஊராகத் தேதி கொடுத்தாகிவிட்டது, மாசி முடியட்டும், பல்லைப் பிடுங்கினால் வாய் வீங்கிவிடும், எப்படிப் பேசுவது என்பது அவர் கணக்கு. பிடுங்காமலே வீங்கியது. தாடை கல்லு மாதிரி ஆனது. துண்டால் முகத்தைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு, கஞ்சியை மட்டும் குடித்துவிட்டு, அன்றைக்கு இருந்த மஞ்சுவிரட்டுக்குப் போய்விட்டார். உடம்பு நெருப்பாகக் கொதித்ததை மனைவியிடம் சொல்லவில்லை.

மத்தியான வெயில். மேடையில் ஏறிப் பேச ஆரம்பித்தபோதே பேச்சு சரியில்லை. வாய்க்குள் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்டு பேசுவது போல இருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துடைத்துக்கொண்டே பேசினார். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது.

"என்னப்பா, அண்ணன் இன்னைக்குச் சரக்கு ஏத்திட்டு வந்துருக்காக போல!" என்று ஒருத்தன் கத்தினான்.

சாராய வாசனையே ஆகாத மனுசன் அவர். அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். வலியைவிட அதுதான் வலித்ததாம். தப்பாக நினைக்கிறார்களே என்று இன்னும் சத்தமாகப் பேசப் பார்த்தார். பேச்சு இன்னும் குழறியது.

திடலுக்கு ஓரத்தில் மருத்துவக் குழுவின் பந்தல். மாடு குத்தினால் பார்ப்பதற்காக டாக்டர், நர்ஸ், கட்டுத்துணி, வாசலில் 108 வண்டி. அன்று அங்கே வேலையில் இருந்தவர் கார்த்திகேய சிவம் என்ற இளம் டாக்டர். படிப்பை முடித்து அரசு வேலையில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. மேடை அவர் கண்ணுக்குத் தெரியாது, நடுவில் கூட்டம். ஒலிபெருக்கிக் குழாயில் வரும் குரல் மட்டும்தான் கேட்டது. ஒரு பையனின் முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து கேட்டாராம். குடித்தவன் பேச்சு இழுக்கும். இது இழுக்கவில்லை, நாக்குக்கு இடம் இல்லாமல் திணறுகிறது என்று அவருக்குப் பட்டிருக்கிறது. கட்டுப் போடுகிற வேலையை நர்ஸிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடைக்கு ஓடினார்.

"அண்ணே, மைக்கை வைங்க. வாயைத் திறங்க."

வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. உள்ளே நாக்கு மேலண்ணத்தை முட்டிக்கொண்டு நின்றது. தாடைக்கு அடியில் தொட்டுப் பார்த்தார், பலகை மாதிரி இருந்தது.

"படுத்தா மூச்சு முட்டுதா?"

ஆமாம் என்று தலையாட்டினார் வீரபாண்டியன். முந்தின இரவு முழுக்கச் சுவரில் சாய்ந்தே இருந்திருக்கிறார்.

"வண்டியில ஏறுங்க. இப்பவே."

"இந்த மாடு மட்டும்..." என்று இவர் கையைக் காட்டியிருக்கிறார். அந்த நேரம் தொழுவில் நின்றது ஒரு நல்ல காளை. அதன் பெயரைச் சொல்லாமல் இறங்க மனசு இல்லை. டாக்டர் மைக்கின் சுவிட்சை அவரே அணைத்தார். விழா கமிட்டிக்காரர்கள் சத்தம் போட்டார்கள், மாடு குத்திக் காயப்படுகிறவர்களுக்காக நிற்கும் வண்டியைப் பல்வலிக்காரருக்கு எப்படிக் கொடுப்பது என்று. "இவர் போகலைன்னா இவர்தான் இன்னைக்குச் சாகுற ஆளு" என்று டாக்டர் சொன்னதும் வழி விட்டார்கள். மாற்று வண்டி வரும்வரை மாடு அவிழ்ப்பதையே நிறுத்தி வைத்தார்கள். வழியெல்லாம் படுக்க விடாமல் உட்கார்ந்தபடியே கொண்டுபோகச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஆயத்தப்படுத்தியதும் அவர்தான்.

சிவகங்கையில் காத்திருந்தவர் அறுவை டாக்டர் தேனம்மை. எங்கள் பக்கத்துப் பெண். அவரை நம்பித்தான் நானும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். வளைத்துப் பேசமாட்டார். சொத்தைப் பல்லின் வேரிலிருந்து சீழ் இறங்கி, நாக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் கட்டிக்கொண்டு, மூச்சுக்குழாயை நெருக்குகிறது. மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்தால் அந்த நொடியே மூச்சு நின்றுவிடலாம். வாய் வழியாகக் குழாய் இறக்கவும் வழி இல்லை. அதனால் முழு நினைவோடு உட்கார வைத்து, கழுத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு, முதலில் மூச்சுக்கு வழி செய்யவேண்டும். சீழை எடுப்பது அதற்கு அப்புறம் என்று நேராகச் சொல்லிவிட்டார்.

"பயமாத்தான் இருக்கும். உங்க கையை நான் விடமாட்டேன். தொண்டை டாக்டர் அவர் வேலையைப் பாப்பாரு. நீங்க என்னை மட்டும் பாருங்க" என்றாராம் தேனம்மை.

அந்த நேரத்தைப் பற்றி வீரபாண்டியன் பிறகு இப்படிச் சொன்னார்: "அண்ணே, ஒரு கட்டத்துல காத்தே இல்லை. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துருச்சு. புள்ளை முகம் வந்துச்சு, அம்புட்டுத்தேன், போய்ட்டோம்னு நெனச்சேன். அப்பத்தேன் வந்துச்சு பாருங்க மூச்சு. வாய் வழியா இல்லை, மூக்கு வழியா இல்லை, கழுத்து வழியா! போர் போடுற இடத்துல நம்பிக்கையெல்லாம் விட்டுப்போன பெறகு பீச்சிக்கிட்டுத் தண்ணி வருமே, அந்த மாதிரி."

அதன்பின் மயக்கம் கொடுத்து, தாடைக்கு அடியில் கீறி, சீழை வெளியேற்றினார்கள். அந்த நாற்றம் அறையைவிட்டுப் போக வெகுநேரம் ஆனதாம். மிச்சமும் வடிவதற்கு ரப்பர் குழாய் வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மூலமான பல்லையும் பிடுங்கினார்கள். ரத்தத்தைச் சோதித்தபோது சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. தனக்குச் சர்க்கரை இருப்பது அன்றைக்கு வரை அவருக்குத் தெரியாது.

தீவிர சிகிச்சையில் வைத்திருந்து, ஆபத்து நீங்கிய பிறகுதான் எங்கள் வார்டுக்கு மாற்றினார்கள். வந்ததும் போனை எடுத்து ஒரு வரி தட்டி டாக்டரிடம் நீட்டினார். 'என் குரல் போயிருச்சா?'

தேனம்மை கட்டிலில் உட்கார்ந்து பதில் சொன்னார். "குரல் வர்ற இடத்துக்குக் கீழேயே மூச்சை வெளியே திருப்பி விட்டிருக்கோம். காத்து மேல போகலை, அதான் சத்தம் இல்லை. குரல்ல கத்தி படலை. வீக்கம் வத்தட்டும், குழாயை எடுத்துருவோம். கொஞ்ச நாளைக்குக் கரகரன்னு இருக்கலாம். வரும்."

வரும் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் நாட்களைத் தள்ளினார்.

காலையில் கட்டு மாற்றும் அறை வாசலில் எங்களுக்கெல்லாம் ஒரே பெஞ்சு. உள்ளங்கையில் ஆணி குத்திச் சீழ் பிடித்த கொத்தனார் ஒருவர். காலில் முள் ஏறி வீங்கிப்போன விவசாயி ஒருவர். உட்கார முடியாத இடத்தில் கட்டி வந்து, பெஞ்சில் எல்லோரும் இருக்க, தான் மட்டும் நின்றுகொண்டே சிரிக்கும் பஸ் கண்டக்டர் ஒருவர். கொத்தமங்கலத்திலிருந்து வந்த பச்சை உடம்புக்காரி ஒருத்தி, மார்பில் பால் கட்டிச் சீழ் வைத்ததைக் கீறி எடுத்திருந்தார்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா என்று அழுதவளிடம், "தாராளமாக் குடு, நிறுத்தினாத்தான் மறுபடி கட்டும்" என்று தேனம்மை சொன்னபோது அவள் முகம் மாறியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

எதற்கு டாக்டரே தையல் போடாமல் திறந்தே விட்டிருக்கிறீர்கள் என்று நான் ஒருநாள் கேட்டேன். "மேல்தோல் முதல்ல மூடிக்கிட்டா உள்ளே மறுபடியும் சீழ் கட்டிக்கும் அண்ணே. அடியிலிருந்து ஆறி மேலே வரணும். மாத்திரை மட்டும் சீழுக்குள்ள போய்ச் சேராது, வழி விட்டாத்தான் அது போகும். பொறுமையா இருங்க" என்றார். பொறுமை எனக்கு இல்லை. வீரபாண்டியனுக்கு இருந்தது. கட்டு மாற்றும்போது நான் ஊரைக் கூட்டுவேன். அவர் யோகலட்சுமியின் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அந்த அம்மாள் தையல் மெஷினை மறந்து, குழாயில் சளி அடைத்தால் நர்ஸைக் கூப்பிட ஓடுவதும், கஞ்சி புகட்டுவதுமாக அந்தக் கட்டிலோடு கிடந்தார். என் மனைவி சாலா சாப்பாடு கொண்டுவந்தால் அவருக்கும் சேர்த்தே கொண்டுவருவாள். "ஆச்சி, நீங்க எதுக்குச் சிரமப்படுறீக" என்பார்; அப்புறம் சாப்பிடுவார்.

என்னைப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் பக்கத்துக் கட்டில் கதையைச் சொல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. "தொழுவுல ஒரு கருப்புக் காளை நிக்குது, மைக்கை அணைக்கிறார் டாக்டர்..." என்று ஆரம்பிப்பேன். அப்போதெல்லாம் வீரபாண்டியன் கையை ஆட்டுவார். புகழ்ச்சி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வீக்கம் வற்றியது. பெரிய குழாயை எடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்று வைத்தார்கள். ஒருநாள் காலை தேனம்மை வந்து, "விரலால அந்தத் துளையை மூடிக்கிட்டு ஏதாவது பேசுங்க பாப்போம்" என்றார். வார்டே திரும்பிப் பார்த்தது. யோகலட்சுமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்.

வீரபாண்டியன் விரலை வைத்தார். இருமினார். மறுபடி வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே... அது கருப்புக் காளை இல்லை. மயிலைக் காளை."

கரகரத்த, உடைந்த குரல்தான். ஆனால் அவர் குரல். யோகலட்சுமி சிரித்துக்கொண்டே அழுதார். தேனம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டு கேஸ் ஷீட்டைப் பார்த்தார். எனக்கு முதுகுப் புண் விண்ணென்று வலித்தது, அவ்வளவு சிரித்தேன்.

குழாயை எடுத்த பிறகு துளை தானாகவே மூடிக்கொண்டது. இன்று அந்த இடத்தில் சின்னதாக ஒரு தழும்பு. தாடைக்கு அடியில் இரண்டு கோடு. சர்க்கரைக்கு ஒழுங்காக மாத்திரை போடுகிறார். அடுத்த தையில் மைக்கைப் பிடித்தபோது, பழக்கப்படி மாட்டுக்காரர்கள் பெயரைச் சொல்வதற்கு முன்னால் மருத்துவக் குழு உட்கார்ந்திருந்த பந்தலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார். பல்வலி உள்ளவர்கள் மாடு பார்த்தது போதும், நாளைக்கே டாக்டரிடம் போங்கள் என்று நடுநடுவே சொன்னார். முன்பு சரக்கு என்று கத்திய ஆள் மேடைக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். "எனக்கே அன்னைக்கு என் பேச்சு விளங்கலை, ஒனக்கு எப்படி விளங்கும்" என்று அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார் வீரபாண்டியன்.

போன ஆவணியில் கார்த்திகேய சிவம் டாக்டருக்குக் கல்யாணம். நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரே வேனில் போனோம். அவரைப் பார்த்ததும் வீரபாண்டியன் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் இவர் கழுத்தைத் தடவிப் பார்த்து, "நல்லா ஆறிருச்சே" என்றார். டாக்டரின் அம்மா எங்களை வரவேற்க வந்தவர், முகம் தெரியாமல் விழித்தார்.

"நீங்க யாரு வழியில வந்திருக்கீக? எனக்குப் பிடிபடலையே."

"சொல்றேன் ஆச்சி" என்று வீரபாண்டியன் ஒரு நாற்காலியை இழுத்து அந்த அம்மாளை உட்கார வைத்தார். பல்வலியிலிருந்து ஆரம்பித்தார். அந்த அம்மாள் கதை கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, உள்ளே இருந்து யாரோ அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. கதை முடியாது என்று தெரிந்து, சாலாவும் யோகலட்சுமியும் பந்தியில் இடம் பிடிக்கப் போய்விட்டார்கள்.