ஓசைபடாமல் ஆடக் கற்றவர்கள்

எழுபதுகளின் நடுவில், பள்ளி விட்டபின் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பரதம் கற்றுத்தரும் வகுப்பு ஒன்று புதுச்சேரியில் நடந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்து மாடி வீடு. பலகை பாவிய மேல்தளத்தில் வகுப்பு, கீழே ஓர் அலுவலகம். மாலைதோறும் தங்கையை அழைத்துப்போய் வருவது என் பொறுப்பு. அவள் ஆடும்போது நான் சன்னலோரம் நூலகப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன்.

பஞ்சாலையில் வேலை பார்த்த அப்பா ஆசையோடுதான் அனுப்பினார். அம்மா ஓர் எல்லை வைத்திருந்தாள். சென்னை நடனப் பள்ளியில் தங்கிப் படிக்க உதவித்தொகை கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் ஆட்டம் அதோடு சரி, வயதுக்கு வந்த பெண் வீட்டோடு இருக்கட்டும். அதற்கான தேர்வை நம்பியே தங்கை ஒவ்வொரு மாலையும் அந்தப் படியேறினாள்.

வகுப்பு தொடங்கிய சில வாரங்களில் கீழிருந்து மூத்த எழுத்தர் ஏறி வந்தார். பழைய பிரெஞ்சு வழக்கப்படி, ஐயா என்பதற்குப் பதில் எல்லோரும் அவரை முசே என்றே அழைப்பார்கள். அவர் தலையிலும் தோளிலும் மேல்தளத்திலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புத் தூள்.

"டீச்சரம்மா, ஆட்டம் கத்துத் தர்றீங்களா, நெல்லு குத்துறீங்களா? எனக்கு நரைச்சதுல பாதி ஒங்க பசங்க வேலதான்!"

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. இந்த இடம் போனால் வகுப்புக்கு வேறு இடமில்லை.

"நான் பாத்துக்கறேன் முசே."

அன்றிலிருந்து பாடம் மாறியது. காலைத் தூக்கலாம், வேகமாக இறக்கலாம். பலகையைத் தொடும் கணத்தில் மட்டும் பாதத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். "பூன மாதிரி வைங்கடி" என்பார் டீச்சர். முழங்கால் நடுங்க நடுங்க அதைப் பழகினார்கள். எல்லோரிலும் நேர்த்தியாகப் பழகியவள் என் தங்கை. ஒருநாள் படியில் எதிர்ப்பட்ட முசே, "என்னா பாப்பா, இன்னிக்குக் கிளாஸ் லீவா? சத்தமே காணோம்" என்று கேட்டபோது அவள் முகம் பூரித்துப்போனது.

அப்படியே ஆண்டுகள் கழிந்து, தேர்வு வந்தது. ஒரு பள்ளியின் மண்டபத்தில், சிமெண்டுத் தரையில் நடந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த அம்மையார், பாதம் விழுவதைக் கேட்க வேண்டுமென்று சலங்கையைக் கழற்றச் சொல்லிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். டீச்சர் கட்டையைத் தட்டி ஜதி சொல்ல, தங்கை ஆடினாள். நான் சுவரோரம் நின்றிருந்தேன். அவள் அவ்வளவு அழகாக ஆடி நான் பார்த்ததில்லை.

"ஜதிதான் கேக்கறது. பொண்ணு ஆடறாளா, இல்லியா?" என்றார் அம்மையார், கண் திறவாமலே.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் கண்ணைத் திறந்தார். "பயப்படாதம்மா. நன்னாத் தட்டு."

தங்கை தட்டினாள். ஓங்கிய கால் தரைக்கு ஒரு விரற்கடை மேலே தானாகத் தயங்கி, பிறகு மெத்தென்று இறங்கியது. மறுபடி முயன்றாள். வலிந்து உதைத்ததில் உடம்பு குலுங்கித் தாளம் தவறியது.

"மேடம், எங்களுக்குக் கீழ ஆபீசு இருக்கு, அதனாலதான்..." என்று டீச்சர் தொடங்கினார்.

"முகமும் கையும் அவ்ளோ நன்னாருக்கு" என்றார் அம்மையார். குரலில் கடுமை இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. "ஆனா அடியே இல்லாம எப்பிடி எடுத்துக்கறது? அடுத்த பொண்ணு வரட்டும்."

வீட்டு வாசலில் அப்பா காத்திருந்தார். "என்னம்மா சொன்னாங்க?"

"எடுக்கலப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தங்கை உள்ளே போனாள். அம்மா சோறு போட்டாள்.

மறுநாளிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் அவள் கொல்லையில் துணி துவைக்கும் கல்மேடையில் ஏறித் தட்டத் தொடங்கினாள். வகுப்புக்கு இனிப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்; ஆனாலும் தட்டினாள். குதிகால் சிவந்து வீங்கியது. "எதுக்குடி இது, யாருக்குக் காட்டப் போற?" என்று அம்மா கேட்டபோதும் அவள் கால் நிற்கவில்லை. வாரக் கடைசியில் அந்த ஓசை வந்துவிட்டது. கல்லில் அறைந்தாற்போல், அளவு பிசகாமல் ஒவ்வொரு அடியும் விழுந்தது.

முதல் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா கொல்லை வாசலில் நின்று கேட்டார்.

"இப்ப நல்லா வருதேம்மா" என்றார்.

தங்கை நின்றாள். மேடையிலிருந்து இறங்கிப் பாதத்தைக் கழுவிக்கொண்டு, அம்மா ஊறவைத்திருந்த துணிகளை எடுத்து அந்தக் கல்லின்மேல் போட்டாள்.