வயிற்றின் சுவர்

என் வீட்டுக்காரரின் வயிற்றில் நான் ஒருமுறை அடுப்புக்கரியால் கோடு கீறினேன். படிப்புக்காகத்தான். ஆனால் மாமி அதைக் கண்டுவிட்டார். தன் மகனுக்கு நான் ஏதோ சூனியம் வைக்கிறேன் என்று அவருக்குத் தோன்றியதில் எனக்கு இன்றைக்கும் வியப்பில்லை. பாயில் மகன் மல்லாந்து கிடக்கிறார், நான் பக்கத்தில் கரிக்கட்டியோடு குந்தியிருக்கிறேன், அவர் உடம்பெல்லாம் கறுப்புக் கட்டங்கள். வேறு யாராவது பார்த்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அது இரண்டாவது உலகச் சண்டைக்காலம். திருகோணமலையில் வருஷப் பிறப்புக்குச் சில நாள் முன்னர் குண்டு விழுந்து, ஊரில் பாதி வெளிக்கிட்டுப் போய், போனவர்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் உப்புவெளியில் குடியிருந்தோம். நான் ஆசிரியை. பள்ளிக்கூடத்தில் பட்டாளம் குடியேறிவிட்டதால் கரும்பலகை இல்லாத ஆசிரியை. என் வீட்டுக்காரர் டொக்யார்டில், கப்பல் திருத்துகிற துறையில், பிற்றராக இருந்தார். கப்பல்களின் பொயிலருக்குள், நீராவிக்குத் தண்ணீர் கொதிக்கிற அந்தப் பெரிய இரும்புத் தொட்டிக்குள், ஆள் புகுந்து திருத்துகிற வேலை. நெருப்பை அணைத்து முழுதாக ஆறும்வரை காத்திருக்கச் சண்டைக்காலத்தில் யாருக்கும் பொறுமை இல்லை. அவர் வீட்டுக்கு வரும்போது சட்டையில் வேர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். அதைத் துவைத்தவள் நான்.

வேலையில்லாமல் வீட்டில் இருந்தால் மாமியோடு முட்டிக்கொள்ளத்தான் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் முதலுதவி வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். இன்னொரு முறை குண்டு விழுந்தால் காயக்காரரைப் பார்க்கப் பெண்களைப் பழக்கினார்கள். படிப்பித்தவர் ஒரு பறங்கி மிஸ்ஸி, ஆஸ்பத்திரித் தாதி. அவருடைய ஆங்கிலம் நல்ல ஆங்கிலம், தமிழோ மீன் வாங்குவதற்கு மட்டும் போதுமான தமிழ். ஆகவே அவர் சொல்வதைத் தமிழாக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதல் பாடத்திலேயே தடுக்கி விழுந்தேன். உடம்பு முழுதாக நிரம்பிய கட்டையல்ல, அதற்குள் வெற்றிடங்கள் இருக்கின்றன, உறுப்புகள் அவற்றுக்குள் பத்திரமாக இருக்கின்றன என்று மிஸ்ஸி சொன்னார். அந்த வெற்றிடத்தை நான் ‘குழி’ என்று சொல்லிவிட்டேன். மண்டைக்குழி, நெஞ்சுக்குழி, வயிற்றுக்குழி. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, குண்டு விழ முன்னமே எங்களைக் குழிக்குள் இறக்கப் பார்க்கிறீர்களோ என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நெஞ்சுக்குழி என்றால் எங்கள் ஆட்களுக்கு வேறு இடம் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த நாள் ‘அறை’ என்று மாற்றினேன். அது பிடித்துக்கொண்டது. மண்டையறையில் மூளை. நெஞ்சறையில் இருதயமும் நுரையீரலும். கீழே வயிற்றறை, அதற்கும் கீழே இடுப்பறை. நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே ஒரு தசைத் தட்டு, மூச்சோடு ஏறி இறங்கும். அறை என்றால் சுவர் வேண்டும்தானே. வயிற்றறைக்கு முன்சுவர் எலும்பு அல்ல, இறைச்சி. அந்தச் சுவரிலே அடிபடுவது வேறு, அறைக்குள்ளே அடிபடுவது வேறு, இரண்டையும் குழப்பக்கூடாது என்று மிஸ்ஸி மேசையில் தட்டித் தட்டிச் சொன்னார்.

அதைத்தான் நான் வீட்டில் கரியால் கீறிப் பழகினேன். என் வீட்டுக்காரருக்குக் கூச்சம் அதிகம். ஒரு கோடு இழுக்க மூன்று முறை நெளிவார். ஆனால் விஷயம் அவருக்கு என்னைவிடச் சுறுக்காகப் பிடிபட்டது. பொயிலரும் இப்படித்தான், உள்ளுக்கு ஓட்டையென்றால் ஒரு வேலை, தகட்டில் பழுதென்றால் வேறு வேலை என்றார். மாமி வாசலில் வந்து நின்றது அப்போதுதான். அன்றைக்கு நடந்த அமளியை இங்கே எழுதினால் தாள் போதாது.

இன்னொரு பாடமும் நடந்தது. உடம்பு வெயிலில் நின்றாலும் நிழலில் நின்றாலும் உள்ளுக்குள்ளே சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கப் பார்க்கிறது. தண்ணீரையும் உப்பையும் அப்படித்தான். கூடினால் வெளியே தள்ளும், குறைந்தால் இறுக்கிப் பிடிக்கும். தாகம், வேர்வை, மூத்திரம் எல்லாமே அதற்காகத்தான். அதற்கு மிஸ்ஸி சொன்ன நீளமான சொல்லை என்னால் மொழிபெயர்க்க ஏலவில்லை. ‘சரிக்கட்டுதல்’ என்றேன். மாமியாரைச் சரிக்கட்டுகிற மாதிரியா என்று அதே பின்வரிசைக்காரி கேட்டாள். ஓம், ஆனால் உடம்பு அதை நித்திரையிலும் செய்கிறது என்றேன்.

என் மாமியைச் சரிக்கட்ட முடியாத விஷயம் ஒன்று இருந்தது. குண்டு விழுந்த அன்று அவர் மகன் டொக்யார்டுக்குள் இருந்தார். பொழுதுபட அவர் முகமெல்லாம் கரியாக நடந்து வந்து சேரும்வரை மாமி முற்றத்து மண்ணில் குந்திக்கொண்டு கோயில் அம்மாளைக் கூப்பிட்டபடி இருந்தார். அப்போது ஒரு நேர்த்தி வைத்தார். மகன் உயிரோடு வந்தால், சண்டை முடியுமட்டும் இந்த வீட்டுச் சட்டியில் உப்பு விழாது. மகன் வந்தார். அன்றிலிருந்து உப்பும் நின்றது, கருவாடும் நின்றது. நிலாவெளி உப்பளம் எட்டிப் பிடிக்கிற தூரத்தில். உப்புவெளி என்ற பெயருள்ள ஊரில் உப்பில்லாமல் சாப்பிட்ட ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும். எனக்கு எரிச்சல் வராமல் இல்லை. ஆனால் அந்தப் பின்னேரம் முற்றத்தில் நானும் அவருக்குப் பக்கத்தில்தான் குந்தியிருந்தேன். அதனால் வாயைத் திறக்கவில்லை.

கச்சான் காற்று தொடங்கியது. அந்தக் காற்றை அறியாதவர்களுக்குச் சொன்னால், அடுப்பு வாயைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்தது போல இருக்கும். அப்படியொரு நாள், சமையல் முடிகிற நேரம், என் வீட்டுக்காரரோடு வேலை செய்கிற ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். மூச்சு வாங்க வந்தவர் சொன்னது இவ்வளவுதான்: வீட்டுக்காரர் பொயிலருக்குள்ளிருந்து வயிற்றைப் பிடித்தபடி வெளியே வந்து விழுந்துவிட்டார், லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், வயிற்றை வெட்டப் போகிறார்களாம்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு வயிற்றை வெட்டுவதென்றால் ஆள் முடிந்தான் என்றுதான் அர்த்தம். பக்கத்து வீட்டு மாட்டு வண்டிலில் நானும் மாமியும் ஏறினோம். வழியெல்லாம் மாமி அம்மாளின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் வயிற்றறைக்குள் என்னென்ன இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இரைப்பை, கல்லீரல், மண்ணீரல், குடல். இவற்றில் எது உடைந்தது, எது உடைந்தால் ஆள் தப்பும் என்று மனம் கணக்குப் போட்டது. படித்தது அன்று எனக்கு ஒரு தைரியமும் தரவில்லை. ஒன்றும் தெரியாத மாமி என்னைவிடக் கொடுத்து வைத்தவர் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் அவர் முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு கட்டிலில் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. டொக்டர் தென்பகுதிச் சிங்களவர், தமிழ் கொஞ்சம்தான். என்னோடு ஆங்கிலத்தில் கதைத்தார். ஆள் சத்தி எடுத்திருக்கிறார், வயிறு பலகை போல இறுகியிருக்கிறது, நோவு உள்ளுக்குள்ளே என்று நோயாளியே சொல்கிறார், குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம், அப்படியென்றால் தாமதிக்கக் கூடாது என்றார். ஆனால் சில அடையாளங்கள் பொருந்தவில்லை, இருந்தாலும் திறந்து பார்க்காமல் விட்டால் ஆளை இழந்துவிடுவோம் என்றும் மறைக்காமல் சொன்னார். என் சம்மதம் வேண்டும் என்றார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

நோவு உள்ளுக்குள்ளே என்று என் வீட்டுக்காரர் எப்படிச் சொன்னார் என்று, இவர் பேச்சை டொக்டருக்கு மொழிபெயர்த்த ஆஸ்பத்திரி ஊழியரைக் கேட்டேன். “வயித்துக்கை நோகுது” என்று சொன்னாராம். ஊழியர் அதை எழுத்துக்கு எழுத்து சரியாகத்தான் மாற்றியிருந்தார். பெட்டிக்கை என்றால் பெட்டிக்கு உள்ளே, வீட்டுக்கை என்றால் வீட்டுக்கு உள்ளே. ஆனால் எங்கள் ஊரில் வயிற்றில் எங்கே என்ன நொந்தாலும் வயித்துக்கை என்றுதான் வாய் சொல்லும். அது உள்ளா வெளியா என்று யாரும் யோசித்துச் சொல்வதில்லை.

அவர் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

“இஞ்சாருங்கோ, எனக்கு வடிவாச் சொல்லுங்கோ. நோகிறது அறைக்கையோ, சுவரிலையோ?”

அந்த நோவிலும் அவர் உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. கரிக்கட்டி ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“சுவரிலை,” என்றார். “சுவர்தான் சுருட்டிப் பிடிக்குது. பிடிச்சிட்டு விடுது. கெண்டைக்காலும் அப்படித்தான். உள்ளுக்கை ஒண்டுமில்லை.”

அதை அப்படியே டொக்டருக்குச் சொன்னேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டுக் கட்டிலோடு உட்கார்ந்து வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். பிடிப்பு விட்டிருந்த நேரம். வயிறு இளகியிருந்தது. ஆழமாக அமத்தினார், இவர் முனகவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி பிடித்தது. தோலுக்குக் கீழே ஒரு கட்டி எழும்பி நகர்வதை நான் என் கண்ணால் கண்டேன். டொக்டர் காலைத் தடவிப் பார்த்தார். அங்கேயும் தசை முடிச்சுப் போட்டிருந்தது. உள்ளே உடைந்திருந்தால் இறுக்கம் இப்படி விட்டுவிட்டு வராது என்றார். எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று கேட்டார். வாளிக்கணக்கில் என்று லொறியில் கூட வந்திருந்த டொக்யார்டுக்காரர் ஒருவர் சொன்னார். என்ன சாப்பிடுகிறார், உப்பு எப்படி என்று என்னிடம் கேட்டார்.

எங்கள் வீட்டில் உப்பு இல்லை என்றேன். கடையில் தட்டுப்பாடா என்றார். இல்லை, நேர்த்தி என்றேன். நேர்த்தியை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

டொக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நீளமாக மூச்சு விட்டார். வெட்டத் தேவையில்லை என்றார். வேர்வையோடு உப்பு போய்க்கொண்டே இருந்தது, இவர் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றி ஊற்றிக் குடித்தார், இரத்தத்தில் மிச்சமிருந்த உப்பும் ஐதாகிவிட்டது, உப்பில்லாமல் தசை ஒழுங்காக விரியாது, அதனால்தான் சுருட்டிப் பிடிக்கிறது. உடம்பு தன்னால் ஏலுமட்டும் சரிக்கட்டிப் பார்த்து, ஏலாமல் போய்த்தான் விழுந்திருக்கிறது. நான் கட்டில் காலடியில் தரையிலேயே குந்திவிட்டேன். அழுதேன். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று நன்றாக அழுதேன்.

மாமிக்கு இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள், டொக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் அவரிடமே சொல்லிவிட்டார்.

“அம்மா, உப்பு இல்லை. அதுதான் வருத்தம், நோய்.”

மாமியின் முகம் செத்துவிட்டது. தன் மகனைக் காக்கப் பிடித்த நேர்த்தியே மகனை விழுத்திவிட்டது என்பதை அவர் அந்த இடத்திலேயே விளங்கிக்கொண்டார். எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் எழும்பி வெளியே போனார். டொக்டர் இவர் கையில் ஊசி ஏற்றி, றப்பர் குழாய் வழியே உப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மாமி திரும்பி வந்தபோது ஒரு கையில் கோப்பை நிறையக் கஞ்சி, மறு கையில் பொத்திப் பிடித்த உப்புக்கல். ஆஸ்பத்திரிக் குசினியில் வாங்கியிருந்தார். தன் கையாலேயே உப்பைக் கஞ்சியில் போட்டு, கரையும்வரை கலக்கி, என்னிடம் நீட்டினார்.

“அம்மாளோடை நான் கதைக்கிறன்,” என்றார். “நீ அவனுக்குக் குடு, பிள்ளை.”

கொடுத்தேன். முதல் மிடறிலேயே அவர் கண்ணை மூடிக்கொண்டு, “இவ்வளவு நாளும் எங்கை வைச்சிருந்தனீர்?” என்று கேட்டார். அவ்வளவு ருசியாக இருந்ததாம், ஆஸ்பத்திரிக் கஞ்சி.

பிடிப்பு இடைவெளி விட்டு வரத் தொடங்கியது. பிறகு இன்னும் நீண்ட இடைவெளி. ஆனால் டொக்டரின் முகம் முழுதாக விரியவில்லை. ஆள் காலையிலிருந்து மூத்திரம் போகவில்லை, போனால் உடம்பு திரும்பவும் தன் வேலையைக் கையில் எடுத்துவிட்டதென்று அர்த்தம், அதுவரை நான் பயமில்லை என்று சொல்லமாட்டேன் என்றார். போகும்போது கட்டிலுக்குக் கீழே ஒரு கண்ணாடிப் போத்தலை வைத்துவிட்டுப் போனார்.

காத்திருந்தோம். பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருந்த வீடுகளை எனக்குத் தெரியும், அங்கேகூட இப்படி யாரும் காத்திருந்ததில்லை. நான் ஒவ்வொரு முறையும் கண்ணால் கேட்பேன், அவர் இல்லை என்று தலையாட்டுவார். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது. கச்சான் ஓய்ந்து கடற்காற்று யன்னலால் வந்தது. அப்போது அவர், பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்காதபடி, “அந்தப் போத்தலை எடும்,” என்றார்.

எடுத்துப் பிடித்தேன். முதலில் சொட்டு. பிறகு நின்றது. எனக்கு மூச்சும் நின்றது. பிறகு வந்தது, வந்துகொண்டே இருந்தது, போத்தல் என் கையில் சூடாகிப் பாரமாகியது. எனக்கு வெட்கமும் இல்லை, ஒன்றும் இல்லை.

“மாமி, மூத்திரம் போட்டுது,” என்றேன். வார்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

மாமி எழும்பி வந்தார். துடக்கு, தீட்டு என்று வீட்டில் எங்களை ஆட்டிப் படைக்கிறவர், தலை முழுகாமல் குசினிக்குள் கால் வைக்காதவர், அந்தப் போத்தலை என் கையிலிருந்து வாங்கி இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். கழுவிவிட வந்த ஊழியரிடம் கொடுக்கவில்லை. டொக்டர் வந்து தன் கண்ணால் பார்க்கட்டும் என்று, கதவைப் பார்த்தபடி நின்றார்.